லதீசன் பாட்டின் கடைசிச் சொல்

வால்தம்ஸ்டோ, லண்டன்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஜினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அங்கே வெலிங்டன் குளிரிலும் காற்றிலும் நீ நலமாக இருக்கவேண்டும் என்று நல்லூரானை நினைத்துத் தொடங்குகிறேன். இங்கே அம்மா சுகம். நானும் சுகம், முழங்கால் மட்டும் தனிக் கட்சி. முப்பது வருடமாக ஊரார் குளியலறைகளில் முட்டுக்காலில் நின்று டைல்ஸ் ஒட்டியவனுக்கு அதுதான் பென்ஷன் என்று வைத்துக்கொள். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனிசன் ஏன் பேனையைத் தூக்கினான் என்று நினைப்பாய். போனில் உன் தம்பி லதீசனின் பெயரை எடுத்தால் போதும், உனக்கு அங்கே கேத்தில் கொதித்துவிடும், இல்லாவிட்டால் வாசலில் யாராவது பெல் அடிப்பார்கள். குறை சொல்லவில்லை பிள்ளை, எனக்கும் இங்கே அப்படித்தான், அம்மா அவனைப்பற்றித் தொடங்கினால் குப்பைவாளி நிரம்பிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன், பாதி நாள் அதற்குள் ஒரு வாழைப்பழத் தோல்தான் கிடக்கும். கடிதத்துக்குக் கேத்திலும் இல்லை, குப்பைவாளியும் இல்லை. ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் தமிழில் மட்டும் பாஸ் பண்ணியவன் நான், அந்தத் துணிவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திப் படி.

தம்பி போய் ஒரு வருடம், ஆட்டைத்திவசம் நல்லபடி முடிந்தது. ஐயர் வந்தார், வழக்கம்போலப் பிந்தி வந்தார், வழக்கம்போல அவசரப்பட்டார். உனக்கு லீவு கிடைக்காததை ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை, செவன் கிங்ஸ் பாலேந்திரா அண்ணை மட்டும் கேட்டார், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஆள் பற்றாது என்று சொல்லி வைத்தேன். இந்த ஒரு வருடமும் துடக்கு வீடென்று நாங்கள் கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ போகவில்லை, உனக்குத் தெரியும். அந்த வருடம் முழுக்க, நீங்கள் நாட்டுப்பாட்டுப் பாடப்போன ஃபோக் கிளப்பின் ஜூடித் மாதாமாதம் எங்கள் கதவுக்குள் ஒரு சின்ன அட்டை போட்டுக்கொண்டிருந்தார். இந்த வெள்ளி பாட்டு, வந்தால் சந்தோசம், வராவிட்டாலும் விளங்கும், அவ்வளவுதான் இருக்கும். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வெடுத்தவர் அல்லவா, வரவு எடுக்கிற பழக்கம் விடவில்லை. திவசம் முடிந்து வந்த அட்டையை அம்மா தானே எடுத்துப் பார்த்துவிட்டு, “இஞ்சாருங்கோ, இந்த முறை கிளப்புக்குப் போட்டு வாங்கோ, அந்த மனிசியும் எத்தினை தரந்தான் குனிஞ்சு போடுறது” என்றார். தான் வரமாட்டாராம். ஆனால் குசினிக்குள் போனவர் மீன் ரோல்ஸ் செய்யத் தொடங்கிவிட்டார். தம்பி போனபிறகு இந்த வீட்டில் ரோல்ஸ் பொரித்தது அதுதான் முதல் தரம். வெங்காயம் வெட்டித் தரவா என்று மட்டும் கேட்டேன், அழுகிறதுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டுக்காரர்களிடம் என்ன இருக்கிறதென்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை, அது உனக்குத் தெரிந்த கதை. யூனிவேசிற்றியில் இருந்து நீ அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து தம்பிக்கும் தொற்றவைத்தாய். பாலேந்திரா அண்ணை என்னைப் பிடித்து, “வயலின் அரங்கேற்றம் செய்த பொடியன் வெள்ளைக்காரற்ற செம்மறியாட்டுப் பாட்டே படிக்கிறான், அதுவும் பப்புக்கு மேல் மாடியில” என்று கேட்டபோது நான் பஸ் வருகிறதென்று சொல்லிக் கழன்றுவிட்டேன். முதல் நாள் நான் அங்கே போய்ப் பார்த்தால் மைக் இல்லை, மேடை இல்லை, ஒரு தாடிக்காரர் கண்ணை மூடி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறார். ஆளுக்குக் காதுக்குள் குத்துவலியாக்கும் என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். தன் குரல் தனக்குக் கேட்கத்தான் அப்படி என்று நீ பிறகு சொல்லித்தந்தாய். பிறகு மூன்று பேரும் சேர்ந்து டெவன் பக்கத்துத் திருவிழாவுக்கு எங்களையும் இழுத்துக்கொண்டு போனீர்கள், கூடாரத்துக்குள் காற்றுமெத்தை என் பாரம் தாங்காமல் செத்துப்போனது, விடிய எழும்பி வெளியே வந்தால் காலில் சலங்கை கட்டின கிழவர்கள் வெள்ளைக் கைலேஞ்சியை ஆட்டி ஆட்டித் துள்ளுகிறார்கள், அது அவர்களுடைய கிராமத்து ஆட்டமாம். அம்மா சேலைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றுக்குள்ளால் மடக்குக்கதிரையைக் காவித் திரிந்தார். அந்தச் சின்னக் கூடாரத்தில் ஒரு பெட்டை, உன் வயதுதான் இருக்கும், முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் செய்கிறவளைப்பற்றித் தானே கட்டின பாட்டொன்றைப் பாடினாள். அம்மாவுக்கு இங்கிலிஷ் பாட்டு விளங்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் சேலைத் தலைப்பு முழுக்க ஈரம். “என்ர வேலையை ஒருத்தி பாட்டாக்கி வைச்சிருக்கிறாள்” என்றார். மூன்று பேர் என்று எழுதிவிட்டேன், பார். நீங்கள் இரண்டு பேர்தான். எனக்கு எண்ணும் போது எப்போதும் ஜூடித்தும் உங்களோடு சேர்ந்துவிடுவார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீயும் தம்பியும் எங்கள் குசினி மேசையில் இருந்து கட்டிய அந்தத் தேம்ஸ் ஆற்றுப் பாட்டு. சரக்குப் படகு ஓட்டுகிறவன் வேலை போனபிறகு ஊரை விட்டுப் புறப்படுகிற பாட்டு, ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஐ ஆம் கோயிங், ஐ ஆம் கோயிங் என்று வரும். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, வீட்டுக்குள் இருந்துகொண்டு போறன் போறன் என்று பாடாதையுங்கோ, எங்கட ஆக்கள் அப்படிச் சொல்லுறதில்லை, போட்டு வாறன் என்று சொல்லுங்கோ என்று சத்தம்போட்டேன். நீ சொன்னாய், “அப்பா, இது ஆத்துப் படகுக்காரன்ர பாட்டு, உங்கட பாட்டில்லை” என்று. தம்பி மட்டும் சிரித்துக்கொண்டு இருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கிளப்பில் பாடி முடித்து, எல்லாரும் கைதட்டப் போகிற நேரம் அதே மெட்டில் மெல்ல, போட்டு வாறன், என்று இழுத்து முடித்தான். என்ன சொன்னாய் என்று அவர்கள் கேட்க, எங்கள் வீட்டில் போகிறேன் என்று சொல்லப் பெர்மிசன் இல்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லலாம், இல்லாவிட்டால் அப்பா கதவைத் திறக்கமாட்டார் என்று என்னைக் காட்டிக்கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த மாடி முழுக்க, தாடிக்காரரும் கிழவிகளும் அக்கோடியன்காரரும் சேர்ந்து, போட்டு வாறன் என்று சொல்லாமல் வீட்டுக்குப் போனதில்லை. நீ நியூசிலாந்து போனபிறகும் உன் குரல் வரவேண்டிய இடத்தை அவர்கள்தான் பாடினார்கள்.

போன வெள்ளி நான் போனேன். நினைவுக் கூட்டமென்று நினைத்துக் கறுப்புக் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு போனால் எல்லாரும் ஓட்டைக் கம்பளிச் சட்டை. கலியாணவீட்டுக்கென்று பிழையான மண்டபத்துக்கு வந்தவன் மாதிரி நின்றேன். ரோல்ஸ் தட்டை ஜூடித்திடம் கொடுத்தேன், அவர் அதை இடைவேளையில் நடக்கிற ராஃபிள் சீட்டுக் குலுக்கலுக்குப் பரிசாக வைத்துவிட்டார், அங்கே அதுதான் வழக்கமாம். நானும் மரியாதைக்கு ஒரு சீட்டு வாங்கினேன். பார்த்தால் விழுந்த நம்பர் என்னுடையது. ரோல்ஸைத் திருப்பிக் கொண்டுபோனால் அம்மா என்ன நினைப்பார்? சீட்டைக் கசக்கிப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆள் வரவில்லையென்று எடுத்த அடுத்த நம்பர் அக்கோடியன்காரருக்கு விழ, அந்த மனிசன் அங்கேயே நின்று பாதித் தட்டை முடித்தார். ரோல்ஸுக்கு அடிபிடி நடந்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுக்காதே.

இடைவேளைக்குப் பிறகு ஜூடித் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். எங்கள் கிளப்பில் ஒருவருடைய பாட்டை இன்னொருவர் எடுப்பதில்லை, ஒரு வருடமாக லதீசனுடைய பாட்டை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை, வீட்டுக்காரர் தந்தால்தான் பாடலாம், தருவீர்களா என்று கேட்டார். பிள்ளை, அந்தக் கேள்வி எனக்கு எங்கே போய்ப் பட்டது தெரியுமா? எங்கள் சனம் அவனுடைய பெயரைச் சொல்லி ஒரு வருடம் விளக்கெரித்தது. இவர்கள் ஒரு வருடம் வாயை மூடி வைத்திருந்திருக்கிறார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை, எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தபடியே தொடங்கினார்கள், மெதுவாக, ஆறு நகருகிற மாதிரி. எல்லா அடியும் பாடினார்கள். உன் இடத்தையும் பாடினார்கள். கடைசியில் ஐ ஆம் கோயிங் என்று முடித்துவிட்டு நிறுத்தினார்கள். அந்தக் கடைசிச் சொல்லை எனக்காக விட்டிருக்கிறார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கீழே பப்பில் யாரோ கோல் அடித்திருக்கவேண்டும், ஒரு ஆரவாரம் வந்து அடங்கியது. நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. லண்டனுக்கு வருமுன் டென்மார்க்கில் அகதியாக இறங்கியபோது பொலிஸ்காரனுக்கு முன்னால்கூட என் வாய் இப்படி அடைத்ததில்லை.

ஏன் வரவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிப் பின்னேரம் அம்மா கீழே பஸ் பார்க்கப் போய்விட்டார், நான் மட்டும் அவனுடைய கட்டிலடியில் நின்றேன். அந்த இரத்த நோய் ஆளை உருக்கிவிட்டிருந்தது, மூக்கில் குழாய். விசிற்றிங் நேரம் முடிந்ததென்று நேர்ஸ் சொல்ல, “தம்பி, போட்டு வாறன்” என்றேன். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டி அந்த மெட்டிலேயே ஒரு சின்ன முனகல் முனகினான், என்னைப் பகிடிபண்ணுகிறானாம். அதுதான். விடிய நான் சொன்னபடி வந்தேன் பிள்ளை. அவன்தான் இருக்கவில்லை. திரும்பி வந்தும் ஆள் இல்லையென்றால், அந்தச் சொல்லை இனி யாருக்குச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஹீத்ரோவில் உன்னை வழியனுப்ப வந்தபோது நீ பை அப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாய். சின்ன வயதில் இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை நீ. போனிலும் இப்போது பைதான். அம்மாவும் கவனித்திருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. ஆகவே அந்தச் சொல் தொண்டையில் நிற்பது எனக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்தபோது ஜூடித் எனக்காகச் சொல்லவில்லை, வேறு ஒருவரும் சொல்லவில்லை. பாட்டு முடியாமலே எல்லாரும் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். படியில் வைத்து ஜூடித், அவசரமில்லை சச்சி, பாட்டுக் கெட்டுப்போகாது என்றார். ஓகஸ்டில் டெவன் திருவிழாவில், அம்மா அழுத அந்தச் சின்னக் கூடாரத்தில், ஒரு பின்னேரம் தம்பிக்காக ஒதுக்கியிருக்கிறார்களாம். உனக்கும் எழுதினாராம், நீ பதில் போடவில்லையாம். வந்து பாடு என்று நான் கேட்கமாட்டேன். உன் வயலின் பெட்டியும் திறக்காமல் அங்கே அலுமாரிக்கு மேலே கிடக்கிறது என்று நீ சொல்லாமலே தெரியும். நீ வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அவர்கள் பாடட்டும். கடைசியில் அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் முயற்சி செய்து பார்ப்போம். உனக்கு வந்தால் நான் பின்னால் வருவேன், எனக்கு வந்தால் நீ வா. இரண்டு பேருக்கும் வராவிட்டால் சேற்றுக்குள் நின்று அழுதுவிட்டு வருவோம், அங்கே மழை பெய்யும், ஒருவருக்கும் தெரியாது. வர முடியாவிட்டாலும் நான் கோபிக்கமாட்டேன், ஆனால் பாட்டு பாதி உன்னுடையது, ஜூடித்துக்கு ஒரு வரி எழுதிப் போடு.

குளிர் கடுமை, காதை மூடித் தொப்பி போடு. ஹீற்றருக்குப் பக்கத்தில் உடுப்புக் காயப்போடாதே. வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடாதே. பாஸ்போட் முடிகிற திகதியைப் பார், நீ வருகிறாயோ இல்லையோ அது பார்க்கவேண்டிய விசயம். முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும்.

இதை மடிக்கப்போகும்போது அம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கதையையும் வாசித்துவிட்டார். என் தோளில் கையை வைத்தார். பிறகு, “ராஃபிள் கதை தெரியும், அந்த மனிசி போன் பண்ணினவ” என்றார். குசினிக்குப் போனவர் அங்கே இருந்து கேட்கிறார், ஓகஸ்டுத் திருவிழா ரோல்ஸுக்கு மீன் இப்பவே வாங்கி ஃபிரீசரில் வைக்கவேணுமாம், இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ என்று. அதை நீ எழுதினால்தான் அம்மாவுக்குச் சொல்லலாம், இப்போது கடிதத்தை ஒட்டப்போகிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
சச்சிதானந்தன்