அக்கா வீட்டுப் படிவம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு வீடு. நான்கு கதவுகள் திறக்கவேயில்லை. ஒரு வீட்டில் நாய்தான் பதில் சொன்னது. கையில் எண்பது கேள்விகள், தோளில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. பழைய வீடுகளை இடித்து வசதியானவர்களுக்குக் கட்டுகிறார்கள், வாடகை ஏறுகிறது. அதை அங்கேயே இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அது அவர்கள் உடம்பில் தெரிகிறதா என்பதுதான் ஆய்வு.

"இந்தத் தெரு இன்னும் உங்களுடையது என்று தோன்றுகிறதா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்." சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். "தெரு என்னுதுதாம்மா. தெருவுக்குத்தான் என்னைத் தெரியல. அதுக்கு எத்தன போடுவீங்க?"

மூன்று போட்டேன். சரிதானா தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

பட்டியலில் அக்கா வீடு வந்துவிட்டது. சொந்தக்காரர் வீடு என்றால் வேறொருவரை அனுப்ப வேண்டும் என்பது விதி. பயிற்சி வகுப்பில் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதே நான்தான். ஆனாலும் நானே போனேன். அந்நியர் கேட்டால் அக்கா வாயே திறக்க மாட்டாள், என்னிடம் என்றால் கொட்டிவிடுவாள் என்று ஒரு நினைப்பு. அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்து என்னை வளர்த்தவள். அதே மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு வருடம்.

தூக்கம்? "படுத்தா காலைலதான்." வீட்டை விட்டுப் போக வேண்டிவருமோ என்ற கவலை? "எனக்கென்ன கவலை. இல்லைன்னு எழுதிக்கோ." எல்லாவற்றுக்கும் ஐந்து, ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம்.

ரத்த அழுத்தம் 172. மூன்று தடவை பார்த்தேன். "கடைக்குப் போயிட்டு இப்பதான மாடி ஏறி வந்தேன்? நீ மொதல்ல மெஷின ஒழுங்கா கட்டுனியா?" இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 7, வெள்ளி

அந்த 172 மட்டும் உறுத்துகிறது. கருவியை மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

மார்ச் 19, புதன்

பதிலும் ரத்த அழுத்தமும் ஒத்துப்போகாத படிவங்களை, ஆய்வை நடத்தும் மேடம் தனியாக எடுத்து வைத்திருந்தார். "இவங்களுக்கு எல்லாமே அஞ்சு. பிரஷர் மட்டும் உச்சில நிக்குது. யாரு இவங்க?"

சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

மேடம் கத்தவில்லை. "நம்ம மேல பாசமா இருக்கறவங்கதாம்மா நம்மகிட்ட அதிகமா மறைப்பாங்க. அதுக்குத்தான் அந்த விதி." நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நாளை மறுநாள் புதிதாகச் சேர்ந்த பெண் அக்கா வீட்டுக்குப் போகிறாள்.

மார்ச் 21, வெள்ளி

போய்விட்டு வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க அக்காவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

எல்லோரும் சாப்பிடப் போனதும், படிவங்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து அக்காவின் புதுப் படிவத்தை எடுத்தேன். தப்புதான். தெரிந்தேதான் செய்தேன்.

தூக்கம் — ஒன்று. தெரு — ஒன்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஐந்து மாதம் ஆகிறதாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம். தெருமுனை கிளினிக் இருந்த இடத்தில் இப்போது ஜிம். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

இதை யாரிடமாவது சொன்னீர்களா என்ற கேள்விக்குக் கீழே, அந்தப் பெண் அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "தங்கச்சி இருக்கா. நாள் பூரா ஊரார் கஷ்டத்த கேட்டுட்டு வர்றா. நானும் எதுக்கு."

அஞ்சு மாசம். வாராவாரம் அவ வீட்லதான சாப்பிடுறேன். என்னத்த பார்த்தேன் நான்? ஊர்ல இருக்கறவங்க தூக்கத்தையெல்லாம் கேக்குறேன் — இவ கண்ணப் பார்க்கலியே.

மார்ச் 22, சனி

அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "யாரு சொன்னா?"

"மெஷின்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று.

மார்ச் 26, புதன்

அலமாரியைத் திறந்ததையும் மேடத்திடம் சொன்னேன். என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான்.

மே 18, ஞாயிறு

மாதத் தொடக்கத்தில் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டாள். என்னோடு வந்து இரு என்றால் பிடிவாதமாக மறுக்கிறாள். ஊர்க்கோடியில் ஒற்றை அறை. பாதி இடத்தைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் போனேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். கையிலிருந்த துணியின் ஓரத்தை முழுக்கத் தைத்து, நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நல்லா இல்லடி," என்றாள். "இங்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. ரெண்டு நாள் கதவு திறக்கலைன்னாகூட ஏன்னு கேக்க ஆள் இல்ல. பயமா இருக்கு."

அக்கா வாயிலிருந்து இப்படி நான் கேட்டதேயில்லை. அழுகை வந்தது. ஆனாலும், உள்ளுக்குள் எதுவோ இறங்கி லேசான மாதிரியும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இருட்டும் வரை பேசினாள். கடைசி பஸ் போய்விட்டது, இங்கேயே படுத்துக்கொள்கிறேன்.