ஒன்பதாம் நம்பர்க்காரனும் நீங்களும்

உங்கள் மழைக்கோட்டை நேற்றுதான் மறுபடி வெளியே எடுத்தேன். மடிப்பைப் பிரித்ததும் ரப்பர் வாடையும் வறுத்த வேர்க்கடலை வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பைக்குள் கைவிட்டால் கடலைத் தோல். தின்றுவிட்டுத் தோலைப் பையில் போடாதீர்கள், எறும்பு வரும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை. பீரோ முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். என்னை அண்ணி முறை வைத்து 'பௌதி' என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணன், நம் தாதா, "பௌதி, பஸ் போயிடும்" என்று வாசலில் இருந்து சத்தம் கொடுத்த பிறகுதான் அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

எங்கே என்று கேட்பீர்கள். ஹவுராவுக்கு, பந்தாட்டம் பார்க்க. சிரிக்காதீர்கள். அரைக்கால் சட்டைக்காரர்கள் ஒரு பந்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கென்ன கிறுக்கா என்று காலமெல்லாம் உங்களைக் கேட்டவள்தான், நேற்று கொட்டுகிற மழையில் லேக் கார்டன்ஸில் இருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போனேன்.

காரணம் அவன்தான், உங்கள் ஒன்பதாம் நம்பர்க்காரன். உங்கள் பெரிய க்ளப்பில் இருந்து அவனை அனுப்பிவிட்டார்களாம். இப்போது 'கெப்' ஆடுகிறானாம். பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சின்ன க்ளப்புகள் ஒரு நாள் ஆட்டத்துக்கு வெளியாளைக் கூட்டிவந்து, ஆட்டம் முடிந்ததும் கையில் கொஞ்சம் பணமும் சாப்பாடும் கொடுத்து அனுப்புமே, அந்த வேலை. தாதா இதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அவனை நேரில் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். நீதாம்ல என் புருசனக் கொன்ன. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

அவன் இந்த ஊருக்கு வந்த அன்று நீங்கள் போட்ட ஆட்டம் நினைவிருக்கிறதா? ஆபீஸில் இருந்த அத்தனை வங்காளிகளுக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்கள், நம் வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி. "அவன் மெட்ராஸ், நீங்க திருநெல்வேலி. என்ன ஒட்டு, என்ன உறவு?" என்று கேட்டேன். "தமிழ்ப் பிள்ளைட்டி! இந்த ஊர்ல நம்ம பேரக் காப்பாத்த வந்திருக்கான்" என்றீர்கள்.

நன்றாகக் காப்பாற்றினான்! முதல் ஆட்டத்தில் இரண்டு கோல். அதோடு சரி. கோல்கீப்பர் தரையில் விழுந்து கிடக்கிறான், வலை காலியாகக் கிடக்கிறது, இவன் பந்தைத் தூக்கி கேலரிக்கு அனுப்புகிறான். இன்னொரு நாள் தன் காலே தடுக்கித் தான் விழுந்தான். செருப்பு பறந்ததாம், தண்ணீர்ப் பாக்கெட் பறந்ததாம். எல்லாம் தாதா வந்து சொல்வார். நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். அன்றைக்கு நான் வைத்த சொதி சீந்துவாரில்லாமல் கிடக்கும். யாரோ பெற்ற பிள்ளை கோல் அடிக்காததற்கு என் சொதி என்ன பாவம் செய்தது?

வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர், கேலரியில் போய் என்ன பேச்சுப் பேசியிருக்கிறீர்கள்! கோலுக்குப் பின்னால் கம்பிவேலியை ஒட்டி உங்கள் இடம். அவன் பந்தைத் தொட்டால் போதும், "ஏல சவத்து மூதி, தலையத் தூக்குல!" என்று தொண்டை கிழியக் கத்துவீர்களாம். பக்கத்தில் நின்ற வங்காளிப் பையன்கள் அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆசீர்வாதம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். துர்கா பூஜைக்கு வந்த ஒருவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "சவத்து மூதி, மாஷிமா" என்று சித்தி முறை வைத்துப் பணிவாகச் சொன்னானே! எனக்கு உயிர் போயிற்று. நீங்கள் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தீர்கள்.

ஆனால் அவனை வேறு யாராவது திட்டினால் உங்களுக்குப் பொத்துக்கொண்டு வரும். மெட்ரோவில் ஒரு பெரியவர் அவனைக் கழுதை என்றாராம். ஆபீஸுக்குப் போக பவானிபூரில் இறங்க வேண்டிய நீங்கள் அவரோடு மல்லுக்கு நின்று எங்கேயோ போய் இறங்கினீர்கள். "நீங்க மட்டும் திட்டலாமோ?" என்று கேட்டேன். "நான் திட்டுவேன். அந்தாளுக்கு என்ன வந்துச்சு?" என்றீர்கள். இது பாசமா, ஆத்திரமா, ஊர்ப்பற்றா, எனக்கு அன்றும் புரியவில்லை.

பிறகு அந்த ஆட்டம். கடைசி நேரத்தில் பெனால்டி கிடைத்ததும், அடிக்க அவன் வந்து நின்றதும், பந்து கம்பத்துக்கு மேலே பறந்ததும் தாதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பந்து மேலே போனது, நீங்கள் உட்கார்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. இப்படித்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அழுதுகொண்டே சொன்னார். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். ரொம்ப நாளாக உள்ளுக்குள் இருந்திருக்கிறது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும்? எனக்கு ஆள் கிடைத்துவிட்டான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று அவனைப் பார்த்தேன். பட்டறைகளுக்கு நடுவே ஒரு சேற்று மைதானம், சுற்றிலும் குடை. பந்து கணுக்கால் தண்ணீரில் மிதக்கிறது. அதில் அவன் இரண்டு கோல் அடித்தான். இரண்டாவது கோலுக்கு மூன்று பேரைத் தாண்டி ஓடினான். கூட்டம் குதிக்கிறது, தாதா தன்னை மறந்து கைதட்டுகிறார். என் கையும் எழுந்துவிட்டது. சட்டென்று கீழே இறக்கிக்கொண்டேன். அட பாவி, இதை அன்றைக்கு அடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

ஆட்டம் முடிந்து க்ளப் படியில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தான். ஒடிசலான பையன். டிவியில் பார்த்ததைவிட சின்ன முகம். நேரே போய் நின்றேன். சொல்ல வந்தது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"ஏம்ப்பா, அந்தப் பெனால்டிய ஏன் மேல அடிச்ச?"

தமிழைக் கேட்டதும் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். "நீங்க தமிழாம்மா?" என்றான். எந்தப் பெனால்டி என்று அவன் கேட்கவில்லை. ஈரத் தலையைத் தேய்த்துக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டாங்கம்மா. கோச் கேட்டாரு. எங்கம்மா கூட போன்ல கேட்டுச்சு. சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல" என்றான். "அங்க ஃபுல்லா பெங்காலில கத்துவாங்க. எனக்கு இன்னான்னே புரியாது, அது பாட்டுக்கு மழை மாதிரி கேட்டுனு இருக்கும். ஆனா வேலியாண்ட ஒருத்தர் தமிழ்ல திட்டுவாரு. சவத்து மூதி, தலையத் தூக்குலன்னு. மொதல்ல கடுப்பாச்சும்மா. இத்தினி பேர் திட்றது பத்தாதா, இவுரு வேற புரியற மாதிரி திட்றாரேன்னு. அப்புறம் பழகிடுச்சு. அவுரு கத்துனா தலையத் தூக்குவேன்."

நான் உங்கள் மழைக்கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு பந்தை வச்சிட்டு நின்னேன். ரெஃப்ரி விசில் ஊதிட்டாரு. சத்தம் வரும்னு பாத்தேன், வரல. வேலியாண்ட திரும்பிக்கூட பாத்தேன், ஒரே கூட்டம், ஒண்ணும் தெரில. அடிடான்னு ரெஃப்ரி கைகாட்றாரு. ஓடியாந்து குனிஞ்ச தலையோட அடிச்சிட்டேன்." பிறகு தயங்கிக் கேட்டான். "அவுரு உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?"

"எங்க வீட்டுக்காரருதான்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள்! "ஐயோ, அவுரு ஏம்மா அன்னிக்கு வரல? எம்மேல கோவமா?" என்றான்.

இரண்டு வருஷமாகச் சுமந்து வந்ததைச் சொல்ல அதுதான் சமயம். வாயைத் திறந்தேன். "வந்திருந்தாருப்பா. அன்னைக்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கிடுச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவன் சிரித்தான். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன்போல மூச்சு விட்டான். "அடுத்த ஞாயித்துக்கெழம இங்கதாம்மா இன்னொரு ஆட்டம் கீது. அவரையும் இட்டுக்கினு வாங்க. திட்டட்டும்" என்றான். நானும் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பஸ் வேண்டாம் என்று ஆற்றைப் படகில் கடந்தோம். நடு ஆற்றில் தாதாவிடம் கேட்டேன். அவன் அடிப்பதற்கு முன்னால் நீங்கள் கத்தினீர்களா? பந்து மேலே போன பிறகுதான் உட்கார்ந்தீர்களா, முன்னாலேயே உட்கார்ந்துவிட்டீர்களா? தாதா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியல பௌதி. பந்து மேல போனதும் திரும்பினேன், அவர் கீழ உட்கார்ந்திருந்தார். எப்போ உட்கார்ந்தார்னு பாக்கலையே. எல்லாரும் பந்தைத்தானே பாத்துட்டிருந்தோம்" என்றவர், முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது.

இரவெல்லாம் யோசித்தேன். அவன் தவறவிட்டதால் நீங்கள் போனீர்களா, நீங்கள் போய்க்கொண்டிருந்ததால் அவன் தவறவிட்டானா? அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. உங்கள் சத்தம் நின்றது தெரிந்தது அவன் ஒருவனுக்குத்தான். அவனைப் போய் எப்படித் திட்டுவேன்? திட்டாமலும் எப்படி இருப்பேன்? இந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக எழுந்தேன், சமைத்தேன், மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன். இன்று காலையில் தேடிப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. உங்கள் மேலேயே இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நெஞ்சு வலித்தால் வாயைத் திறந்து பக்கத்து ஆளிடம் சொல்லித் தொலைக்கிறதுதானே!

அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் தனியாகப் போய் நின்றால், "அவுரு எங்கம்மா?" என்று கேட்பான். போகாமல் இருந்தால், ஒவ்வொரு தடவை பந்து வரும்போதும் கூட்டத்தில் உங்களைத் தேடுவான். உங்களை இன்னும் உயிரோடு தேடுகிறவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். அவனிடம் போய் நான் என்னவென்று சொல்லட்டும்?