போலீஸ்காரரிடம் சொன்ன பதில்

லான்மடாவ், ரங்கூன்
3 ஆகஸ்ட் 2025

அன்பு மச்சானுக்கு,

தஸ்லீமாவின் ஸலாம். பினாங்கில் உங்கள் உடம்பும் வேலையும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

மாமி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். என் போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அடுத்தவர் போனில் பேச நா எழவில்லை. அதனால் இதை பினாங்கு வரும் அஷ்ஃபாக் நானா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பிள்ளை தங்கவில்லை மச்சான். போன மாதம் பதினாறாம் தேதி கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. நாலு மாடிக்குத் தண்ணீர் சுமந்தேன். சாயங்காலம் இடுப்பு வலித்தது. டாக்ஸியிலேயே எல்லாம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சயாமா முதலில் கேட்டது, "என்ன மாத்திரை வச்சே? உண்மையைச் சொல்லு." ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் கண் விழித்தபோது கட்டிலருகே போலீஸ் நின்றது. நானே கலைத்தேன் என்று வழக்கு. வாப்பா ஜாமீனில் எடுத்திருக்கிறார்கள்.

நாம் இருவரும் ஆசைப்பட்ட பிள்ளை என்று வக்கீலுக்கு நாலு வரி எழுதுங்கள் மச்சான்.

உங்கள்
தஸ்லீமா


பினாங்கு
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தஸ்லீமாவுக்கு,

ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள். மீன் ஆணம் வைத்துச் சாப்பிடு.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போலீஸ்காரர் உன் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். "உன் மனைவிக்கு இந்தப் பிள்ளை வேண்டுமென்று இருந்ததா?" என்று கேட்டார். ஜூன் மாதம் நீ அழுதாயே, "இப்ப எதுக்கு மச்சான் இது" என்று, அதைச் சொன்னேன். பயத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

நீ ஏதோ கஷாயம் குடித்ததாக உம்மா சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனாலும் தூரத்தில் இருப்பவன் மனசு என்னென்னவோ நினைக்கிறது. குர்ஆன்மேல் சத்தியமாக இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. அன்றே வக்கீலுக்கு எழுதித் தருகிறேன்.

வாஜித்


ரங்கூன்
11 செப்டம்பர் 2025

வாஜித் அவர்களுக்கு,

ஸலாம். இன்று தீர்ப்பு. ஒரு வருடம். ஜெயில் வண்டிக்காகக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கை மைமூன் தபாலில் சேர்ப்பாள்.

நீங்கள் போலீஸிடம் சொன்னதை வாசித்துவிட்டு, "உன் கணவர் சொல்வது உண்மையா?" என்று நீதிபதி கேட்டார். உண்மைதான் என்றேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எப்படிப் பெற்று வளர்ப்பேன் என்று பயந்து அழுதேன். மறுவாரமே குட்டிச் சட்டைக்குத் துணி வாங்கினேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னதும் நான்தான். அது உங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

கஷாயம் சளிக்காக மாமி, உங்கள் உம்மாவேதான், காய்ச்சித் தந்தது. கோர்ட்டில் வந்து அதைச் சொல்லச் சொல்லி வாப்பா போய்க் கேட்டார்கள். "எனக்கெதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

நர்ஸிடம் சொன்னேன், போலீஸிடம் சொன்னேன், நீதிபதியிடமும் சொன்னேன். உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வாப்பா வாங்கி வந்து அடக்கினார்கள். இன்ஷா என்று பெயர் வைத்தோம். பெண்பிள்ளை. ஆணா பெண்ணா என்று நீங்கள் கேட்கவில்லை.

பீர் முகைதீன் மகள்
தஸ்லீமா