மொதல்ல குந்தட்டும்

அக்கா,

இன்று காலை பரண் சுத்தம் செய்தபோது, நீங்கள் யாழினிக்குத் தைத்துக் கொடுத்த உருட்டுத் தலையணை கிடைத்தது. உங்கள் ஆபீசின் பழைய நீலச் சீருடைத் துணி. இன்னும் லேசாக ஃபினாயில் வாசனை. அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோபாலபுரத்துப் பயிற்சி மையத்தில்தான் நாம் பழகினோம். இருவர் பிள்ளைகளுக்கும் மூளை முடக்குவாதம். என் யாழினிக்கு அப்போது நான்கு வயது. கழுத்து நின்றிருந்தது, முதுகு நிற்கவில்லை. உங்கள் தினேஷுக்கு ஏழு. கூவம் கரைக் குடிசைகளை அகற்றி, உங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி அவனைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். மதியம் தரமணி ஆபீஸ் ஒன்றில் துப்புரவு வேலை.

பார்ப்பவர்களிடமெல்லாம் நான் ஒன்றையே கேட்பேன்: எப்போது நடப்பாள்? நீங்கள்தான் சொன்னீர்கள், "நடக்கறது இருக்கட்டும். மொதல்ல குந்தட்டும்மா. ஒடம்பு நிக்காம காலு எப்டி நிக்கும்?"

அவளை அக்குளுக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருப்பேன். கையை விலாவுக்கு, பிறகு இடுப்புக்கு இறக்கச் சொல்வார் பயிற்சியாளர். பயத்தில் என் கை இறங்காது.

ஒரு நாள் அவளை உங்களிடம் விட்டுவிட்டுப் போன் பேச வெளியே போனேன். திரும்பியபோது நீங்கள் இரண்டு கையையும் எடுத்திருந்தீர்கள். யாழினி தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், சாய்ந்தாள், விழுந்தாள். நெற்றி வீங்கிவிட்டது.

"உங்க பிள்ளையா இருந்தா இப்படி விடுவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"என் புள்ளய டெய்லி வுடறேம்மா" என்றீர்கள். குரல் உயரவில்லை.

இரண்டு வாரம் உங்களோடு பேசவில்லை. பிறகு நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "பாப்பா நெத்தி இன்னா, சரியாச்சா?" மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அத்த வுடு. குந்திக்கினு இருந்தாளே, அத்த பாத்தியா நீ?"

பார்த்திருந்தேன். ஆனால் விழுந்ததை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன்.

அதன்பிறகுதான் என் கை இறங்கியது. சில மாதங்களில் அவள் பாயில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் பந்து வாங்கினாள். இப்போது வாக்கரைப் பிடித்து வகுப்பறை வரை போகிறாள். தனியாக நடப்பாளா, தெரியாது. யாரிடமும் நான் கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று இரண்டு வாரம் நீங்கள் வரவில்லை. மூன்றாவது வாரம் தினேஷின் அப்பா போன் செய்தார். "அவ போய்ட்டாம்மா" என்றார். காய்ச்சல் கடைசிவரை இறங்கவேயில்லையாம்.

தினேஷின் பயிற்சி நின்றுபோனது. "அவன எப்டி புடிக்கறதுன்னே எனுக்குத் தெர்லம்மா" என்றார் அவர். அதனால் ஞாயிறுதோறும் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அவன் முதுகு மறக்காமலிருக்க, தெரிந்ததை அவருக்குக் காட்டுகிறேன். அவரும் பயப்படுகிறார். கற்றுக்கொண்டுவிடுவார்.

தினேஷுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. நன்றாகக் கனக்கிறான். லிஃப்ட் ஓடாத நாளில் அவரும் நானுமாக மூன்று மாடி தூக்குகிறோம், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. இத்தனை வருடம் நீங்கள் ஒருவராக எப்படித் தூக்கினீர்கள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை, அக்கா.