கிளட்ச் பிடிக்காமல் வந்த வண்டி

தென்னூர்,
8-6-2025

மரியே வாழ்க.

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜுக்கு மாமனார் சவரிநாதன் எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டம் விழுந்த சக்கரம் மாதிரி ஒரு வரி ஏறும், ஒரு வரி இறங்கும். இந்தப் பக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆனால் நானே எழுதுகிறேன். கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் கேத்தரின் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான். பெருமைப்படுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். லூர்துராணியின் இடது மணிக்கட்டு மட்டும் நலமில்லை. இரண்டு எலும்பும் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை மத்தியானம் துவாக்குடியிலிருந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். "வண்டியிலேர்ந்து விழுந்துட்டேம்ப்பா" என்றாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள்.

அது அவள் கல்யாணத்துக்கு நான் பிரித்துச் செய்து, அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்த ஆர்.எக்ஸ். 100. அதன் உடம்பு எனக்குத் தெரியும். கிளட்ச் லீவர் வளையவில்லை. கால் வைக்கும் கம்பியில் கீறல் இல்லை. கைப்பிடி ரப்பரின் முனைகூடத் தேயவில்லை. கை உடைகிற அளவுக்கு ஒருத்தி விழுந்திருக்கிறாள், வண்டி மட்டும் விழவே இல்லை.

கை எப்படி உடைந்தது மாப்பிள்ளை? பதில் எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள் கத்துவீர்கள். காகிதத்தில் யாரும் கத்த முடியாது.

அன்புள்ள மாமனார்,
சவரிநாதன்

❖

துவாக்குடி,
12-6-2025

மாமா,

யாரைப் பிடித்து எழுத வைத்தீர்கள்? கைநாட்டு வைக்கிறவர் கடிதம் போடுகிறார் என்று கம்பெனியில் காட்டினால் சிரிக்கிறார்கள்.

விழுந்தேன் என்று அவளே சொல்கிறாள். பிறகு உங்களுக்கு என்ன விசாரணை? புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். தெரு ஓரத்தில் குந்தி ஸ்பானர் பிடிக்கிறவர் ஜட்ஜ் வேலை பார்க்க வேண்டாம்.

வருகிற வாரத்துக்குள் அவளும் என் வண்டியும் இங்கே வந்து சேர வேண்டும். வண்டியில் ஒரு கீறல் இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஸ்டீபன்ராஜ்

❖

தென்னூர்,
17-6-2025

மரியே வாழ்க.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் நானே படித்தேன். 'கைநாட்டு' என்ற இடத்தில் கொஞ்சம் திணறினேன். மற்றபடி சுலபம்.

வண்டி பத்திரமாக இருக்கிறது. ஆனால் வண்டியாக இல்லை. மொத்தமும் பிரித்துவிட்டேன். எனக்கு ஷெட் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே சாக்கடை ஓரத்தில் மூன்றடி இடம். மழை வந்தால் அதுவும் இல்லை. அதனால் ஃபிரேமை மட்டும் ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, மீதியை மேலே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். எஞ்சின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கார்புரேட்டர் அழுக்குப் போக எலுமிச்சம்பழத்தோடு இட்லிப் பானையில் கொதித்தது. பெயிண்ட் அடித்த டேங்க் துணிக்கொடியில் காய்கிறது. உங்கள் மாமியார் அற்புதம்மாள், "இனிமே நீயும் எஞ்சினும் ஒரே பாயில படுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு மகள் பக்கத்தில் போய்விட்டாள். உங்கள் தயவில் எனக்குக் கட்டில் முழுசாகக் கிடைத்தது.

கியர் பெட்டியைத் திறந்தபோதுதான் என் சந்தோஷம் போயிற்று. பற்கள் சிதைந்திருக்கின்றன. பழைய உடைசல் கறுத்திருக்கும். இது வெள்ளி மாதிரி மின்னுகிறது, ஒரே நாளில் உடைந்தது. கிளட்ச் இடது கையில் பிடிப்பது. பிடிக்கக் கை இல்லாமல், காலால் உதைத்து உதைத்தே கியர் மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு உதைக்கும் வண்டி தூக்கிப் போட்டிருக்கும். அந்தக் கையும் தூக்கிப் போட்டிருக்கும். கிளம்பும்போதே கை உடைந்துதான் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் உடைந்தது.

அவளிடம் கேட்டேன். "விழுந்தேம்ப்பா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆகையால் உங்களிடமே மறுபடி கேட்கிறேன்.

சவரிநாதன்

❖

துவாக்குடி,
23-6-2025

யோவ்,

சனிக்கிழமை டெம்போவோடு வருகிறேன். வண்டியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போவேன். குறுக்கே நின்றால் மாமனார் என்று பார்க்க மாட்டேன். நான் கை வைத்தால் உங்கள் எலும்பு தாங்காது.

ஸ்டீபன்ராஜ்

❖

தென்னூர்,
6-7-2025

பெறுநர்: விசாரணைக் கைதி ஸ்டீபன்ராஜ், மத்திய சிறை, திருச்சிராப்பள்ளி.

மரியே வாழ்க.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்த முறை எழுத்து இன்னும் கோணலாக இருக்கும். தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். இடது கண் திறக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது?

அன்று நடந்ததை நீங்கள் போலீஸில் வேறு மாதிரி சொன்னீர்களாம். அதனால் நான் எழுதி அனுப்புகிறேன்.

நீங்களும் உங்கள் ஆட்கள் இரண்டு பேரும் இறங்கியதும், கீழே மெத்தைக் கடை சேக் மைதீன் பாய், "என்ன தம்பி, பழைய இரும்பு எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "உன் பஞ்சைப் பாரு பாய்" என்றீர்கள். படியேறி வந்து பார்த்துவிட்டு, "எங்கடா என் வண்டி?" என்றீர்கள். நான் காட்டினேன். "கட்டிலுக்கு அடியில இருக்கு, பானையில இருக்கு, கொடியில தொங்குது. எடுத்துக்குங்க மாப்ள."

கொடியில் இருந்த டேங்கைப் பிடுங்கிச் சுவரில் அடித்தீர்கள். இரண்டாவது அடியில் அது அப்பளம் மாதிரி மடங்கியது. பிறகு ஷாக் அப்சார்பரை எடுத்து என் தலையில் அடித்தீர்கள். ரத்தம் கண்ணில் இறங்கியது. சூடாக இருந்தது. அப்போது அற்புதம்மாள், இத்தனை நாள் வாசம் தாங்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்த பழைய ஆயில் தட்டை உங்கள் தலையிலேயே கவிழ்த்தாள். நீங்கள் வழுக்கினீர்கள். சைலன்சர் குழாய் என் கைக்கு எட்டியது. உங்கள் தோளில் இறக்கினேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மனம் வருந்த வேண்டும் என்று சாமியார் சொன்னார். முயற்சி செய்கிறேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் விடவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்து அவளைப் படியில் இழுத்தீர்கள். அவள் போட்ட அலறலில் உங்கள் ஆட்கள் ஓடிவிட்டார்கள். படியோரம் ஆணியில் தொங்கிய வண்டிச் செயினை வலது கையில் சுற்றிக்கொண்டு அவள் உங்கள் முகத்தில் வீசினாள். மறுபடியும் வீசினாள். பாய் வந்து உங்கள் மேல் ஒரு மெத்தையைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

உங்கள் பல் ஒன்று நேற்று போல்ட் டப்பாவில் கிடைத்தது. வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

இவ்வளவு சந்தோஷத்திலும் ஒரு குறை இருக்கிறது. கை எப்படி உடைந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோதும், "வண்டியிலேர்ந்து விழுந்தேன்" என்றே சொன்னாள். என் தலைக்கு வழக்கு இருக்கிறது. அவள் கைக்கு இல்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் நீங்கள் சீக்கிரம் வெளியே வந்து, நல்ல பேச்சுப் பேசி, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். சைலன்சர் குழாய்க்குப் பயப்படாத நான் அதற்குப் பயப்படுகிறேன்.

சவரிநாதன்

❖

திருச்சிராப்பள்ளி,
15-7-2025

பாசமுள்ள மாமா, அத்தைக்கு,

அன்றைக்கு எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. நீங்கள் எனக்கு அப்பா மாதிரி. அடித்த அடியையும் அப்பா அடித்ததாகவே நினைத்துக்கொள்கிறேன்.

இதை லூர்துவிடம் படித்துக் காட்டுங்கள். லூர்து, உன்னை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். கோபம் வந்தால் கத்துவேன், அவ்வளவுதான். கதவு காற்றில் சாத்திக்கொண்டதற்கு நான் என்ன செய்வேன்? நீ சொன்னதையே சொல்லிக்கொண்டிரு. மாமாவையும் வழக்கை வாபஸ் வாங்கச் சொல். வெளியே வந்ததும் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன். எல்லாம் சரியாகிவிடும்.

உன்,
ஸ்டீபன்

❖

தென்னூர்,
27-7-2025

மரியே வாழ்க.

மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே லூர்துவிடம் படித்துக் காட்டினேன். "குடுங்கப்பா, நானே பாத்துக்குறேன்" என்று கை நீட்டினாள். கொடுக்கவில்லை. எனக்கு வந்த கடிதம், நான்தான் படிப்பேன் என்றேன்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவள் வேகமாகப் படித்திருந்தால் அழுதுகொண்டே முடித்திருப்பாள். 'எப்படி வைத்திருந்தேன்' என்று நான் படித்து முடிப்பதற்குள் நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்று யோசிக்க அவளுக்கு நேரம் கிடைத்தது. முகம் மாறுவதைப் பார்த்தேன். பிறகு க, த, வு என்று வந்தது. நின்றுவிட்டேன்.

"எந்தக் கதவு லூர்து? நீ வண்டியிலேர்ந்து விழுந்தேன்னுல்ல சொன்னே?"

அற்புதம்மாள் அடுப்பை அணைத்தாள்.

"காத்து இல்லப்பா" என்றாள். "கதவு நிலையில என் கையப் பிடிச்சு வச்சுக்கிட்டு, இன்னொரு கையால சாத்துனாரு. முதல் தடவை உடையலை. மறுபடியும் சாத்துனாரு. வெளிய சொன்னா அடுத்தது அப்பா கைன்னாரு. ஸ்பானர் பிடிக்கிற கைன்னாரு."

மாப்பிள்ளை, அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எழுதுகிற அளவுக்கு கேத்தரின் டீச்சர் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பு நடக்கிறது. ஒருநாள் எழுதுவேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் அவளே எழுதிக் கொடுத்தாள். உங்கள் கடிதத்தையும் கொடுத்துவிட்டோம். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எழுத்தர் பாராட்டினார். சாட்சிக்கு என் முன்னால் மை டப்பாவை நகர்த்தினார்கள். தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் கைக்கும் இப்போது வழக்கு இருக்கிறது. அவள் உங்களோடு வர மாட்டாள். இதை அவளே சொல்லி எழுதச் சொன்னாள். மற்றதையெல்லாம், "உங்க கடுதாசிப்பா, நீங்களே எழுதிக்குங்க" என்றுவிட்டாள்.

வண்டி முடிந்துவிட்டது. கியர் புதிது, பிஸ்டன் புதிது, டேங்க் வேறொரு வண்டியுடையது. மாவுக்கட்டு முந்தாநாள் பிரித்தார்கள். கை கொஞ்சம் கோணல். ஆனால் கிளட்ச் பிடிக்கிறது, பிடித்துப் பார்த்தோம். நேற்று காலையில் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம்வரை ஓட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எஞ்சினுக்குப் புதிதாக வேலை பார்த்தால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். விரட்டினால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். "எத்தனை நாளைக்குப்பா இப்படி உருட்டுறது?" என்று கேட்டாள். "ஒனக்கு என்னம்மா அவசரம்?" என்றேன். சிரித்தாள். காவேரிக் காற்றில் எனக்குச் சரியாகக் கேட்டது.

பழைய செயினை நான் தூக்கிப் போடவில்லை. படியோரம் அதே ஆணியில் தொங்குகிறது. ஜாமீனில் வந்தால் இந்தப் பக்கம் வருவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எழுத எனக்கு ஆறு நாள் ஆனது. அடுத்த வாரமும் எழுதுவேன். உங்களுக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. நான் எழுதிப் பழக வேண்டும், நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள்.

லூர்துராணியின் அப்பா,
சவரிநாதன்