சிவப்பு மையில் திரும்பிய வரைவு

மும்பை
9.2.1999

அன்புள்ள சியாமளா,

நலம். உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்வித் துறையின் பள்ளி இணைப்புத் திட்ட வரைவு இன்று புனே மாநகராட்சிப் பள்ளிகளுக்கெல்லாம் போய்விட்டது. ஆதாரம் நானேதான், அனுப்பும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். பிள்ளைகள் குறைந்த வகுப்புகளை அருகிலுள்ள பள்ளியோடு சேர்ப்பது திட்டம். போபோடிப் பள்ளியில் நீ எடுக்கும் தமிழ் வகுப்புகளும் அதில் வருகின்றன. மேலிடம் சொல்ல, வரைவை எழுதியதும் நான்தான். வேறு யாரும் சொல்லி நீ அறிய வேண்டாம்.

ஆசிரியர்கள் ஒரு மாதத்துக்குள் கருத்துச் சொல்லலாம். இதுவரை எந்தச் சுற்றறிக்கைக்கும் ஒருவரும் பதில் போட்டதில்லை. ஆகவே போன முறை சொன்னதையே சொல்கிறேன்: வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. செம்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. மூன்று வருஷமாக இரண்டு வீட்டில் இரண்டு குக்கர் வைத்தது போதாதா?

உன்
கோவிந்தராஜன்


சாங்வி
21.2.1999

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம்.

வீட்டுக்குக் கடிதமும் வந்தது, பள்ளிக்கு வரைவும் வந்தது. மராத்தி, உருது, தமிழ் டீச்சர்கள் எல்லோரும் மத்தியான இடைவேளையில் சேர்ந்து படித்தோம். வேதமணி டீச்சர் படிக்கப் படிக்கச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார்.

“என்ன டீச்சர், சர்க்கார் பேப்பர்ல போய்க் கிறுக்கறீங்க?” என்றேன்.

“தப்பப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்கு, நான் என்ன செய்ய?”

அப்புறம் பேனா கை மாறியது. ‘அருகிலுள்ள பள்ளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் அருகில்தான். நடுவில் ரயில் பாதை இருக்கிறது. லோனாவ்லா லோக்கல் வரும் தண்டவாளத்தைத் தாண்டி ஆறு வயதுப் பிள்ளையை எந்த அம்மா அனுப்புவாள்? அதையும் ஓரத்தில் எழுதி, அந்தத் தாளையே அனுப்பிவிட்டோம்.

யாரும் பதில் போட்டதில்லை என்கிறீர்கள். உத்தரவுக்கு யார் பதில் போடுவார்கள்? நீங்கள் கேள்வி என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

வகுப்பு இருக்கும்வரை வேலையை விடமாட்டேன். கோபம் வேண்டாம். சளியோடு ஃபேன் காற்றில் படுக்காதீர்கள்.

சியாமளா


மும்பை
16.3.1999

அன்புள்ள சியாமளா,

இன்று மாலை தபால் பிரிவு சாவந்த் உறுதி செய்தார்: இருநூறு பள்ளிகளுக்கு மேல் பதில் போட்டிருக்கின்றன. முக்கால்வாசி, வரைவின் மேலேயே சிவப்பு மையில் திருத்தி வந்தவை. ஹடப்ஸர் ஆசிரியர்களும் எரவடா ஆசிரியர்களும் பேசி வைத்துக்கொண்டா திருத்தியிருப்பார்கள்? மதிப்பெண் வேறு. ஒருவர், ‘திரும்ப எழுதி, வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி வரவும்’ என்று எழுதியிருக்கிறார்.

துறைச் செயலாளர், “யே க்யா மஸாக் ஹை?”, இதென்ன விளையாட்டு என்று கத்தினார். பிறகு ஒன்றை எடுத்துப் படித்தார். அப்புறம் இன்னொன்று. சாப்பிடப் போகவில்லை. ஓரங்களில் என்னென்னவோ இருந்தன: மழையில் நிரம்பும் ஓடை, சாராயக் கடை முன்னால் திரும்பும் சந்து, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வரும் பெண். ஊர் மொத்தமும் ஒரே அறையில் பேசுவது போலிருந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. என் மேஜைக்குப் போக எழுந்தவன், தபால் மூட்டைகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

போபோடித் தாளும் இருந்தது. ‘நடை நன்று. பள்ளியை நேரில் பாராமல் எழுதப்பட்டது. 34.’ தேர்ச்சிக்கு ஒன்று குறைவு. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?

கோவிந்தராஜன்


சாங்வி
24.3.1999

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம்.

என் எழுத்துதான். மற்றவர்கள் முப்பது போதும் என்றார்கள், நான்தான் கூட்டினேன். “வீட்டுக்காரர்னு எரக்கமாக்கும்!” என்று வேதமணி டீச்சர் இன்னும் கிண்டல் செய்கிறார்.

சிரிப்பு இருக்கட்டும். படித்து வியந்ததோடு சரியா? எங்களையும் கூட உட்காரவைத்துப் பேசுவீர்களா, இல்லை மூட்டை கட்டிப் பரணில் போடுவீர்களா? அது தெரியாமல் நான் எந்த ஊருக்கும் பெட்டி கட்ட முடியாது.

சியாமளா


மும்பை
8.4.1999

அன்புள்ள சியாமளா,

செயலாளர் நேற்றுக் கையெழுத்திட்ட உத்தரவைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். வரைவு நிறுத்திவைக்கப்பட்டது. புதுக் குழுவில் பாதி இடம், வகுப்பில் பாடம் நடத்துபவர்களுக்கு. அந்தக் கோப்பில் இனி நான் இல்லை. மனைவி அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறாள் என்று எழுதிக் கொடுத்து விலகிவிட்டேன். செம்பூர் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புனேவுக்கு மாறுதல் கேட்டிருக்கிறேன்.

இன்னும் உறுதியாகாதது உன் வகுப்புகள். குழு 24ஆம் தேதி போபோடிக்கு வந்து, பிள்ளைகள் நடக்கும் வழியில் தானும் நடந்து பார்க்கும். உத்தரவு ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வர வேண்டும். மாறுதல் பட்டியல் மே கடைசி வாரம் என்கிறார்கள். அதில் என் பெயர் இருக்குமா என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை.

உன்
கோவிந்தராஜன்