கோணல் பின்னல்

ஏப்ரல் 4

என் அருமை வாலுக்கு,

முகாமில் எல்லோர் போனையும் உன் கோச் வாங்கிப் பூட்டிவிட்டாராமே. அந்த மனுஷன் புண்ணியத்தில் பல வருஷம் கழித்துப் பேனா பிடிக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உன் அண்ணன், "யாருக்குடி மிரட்டல் கடிதம்?" என்கிறார்.

போன வாரம் நீ வந்துபோனதிலிருந்து பார்லரில் என் மவுசே தனி. "அண்ணி, உங்க கை பட்டாதான் பின்னல் நிக்குது" என்று நீ சொன்னதை வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மாடிவீட்டுக்காரி மட்டும் நம்பவில்லை. வயிற்றெரிச்சல்.

ஜூன் குத்துச்சண்டைப் போட்டிக்கு முன்வரிசையில் இரண்டு சீட்டு வேண்டும். உன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவார். இருந்தாலும் வேண்டும்.

உன் அண்ணி

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

சீட்டு இத்துடன் இருக்கிறது. இந்தப் போட்டியில் ஜெயித்தால் அடுத்தது பட்டத்துக்கான போட்டி. முழங்கை அடிபட்டு ஒன்றரை வருஷம் உங்கள் சோபாவைத் தேய்த்தவளுக்கு இது போதாதா?

நீங்கள் போட்ட பின்னலை இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். பரவாயில்லை, போட்டிக்கு முன்னால் ஒருநாள் வந்து புதிதாகப் போட்டுவிடுங்கள்.

உங்கள் வாலு

ஏப்ரல் 21

வாலு,

நேற்றுத் தோள் இறுகிப்போன ஒரு பேங்க் ஆபீசரம்மா வந்தாள். சீப்பைக் காதுக்கு மேலே கொண்டுபோக முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "நீங்களே வாரிடுங்க, உங்க கை பட்டாதான் நல்லாருக்கு" என்றாள்.

சீப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே யாரையும் தலையில் கைவைக்க விடாதவள் நீ. திடீரென்று என் கைக்கு என்ன அழகு வந்தது? ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, மக்கு!

எந்தத் தோள்? பொய் எழுதினால் பின்னலைக் கத்தரியோடு வந்து பார்ப்பேன்.

அண்ணி

ஏப்ரல் 30

அண்ணி,

இடது தோள். போட்டியில் பட்டதில்லை, ஜனவரியில் பயிற்சியில். மேடையில் வாங்குவது கொஞ்சம்தான். நாங்கள் உடைவதெல்லாம் தினசரி ஜிம்மில்தான்.

சொன்னால் கோச் நிறுத்திவிடுவார். என் இடம் இன்னொருத்திக்குப் போகும், நான் மறுபடி வரிசையின் வாலுக்கு. அதனால் தோளுக்கு வலிக்காமல் இடுப்பை முறுக்கிக் குத்தினேன். இப்போது இடுப்பும் முனகுகிறது. போன தடவை முழங்கை போனதும் இப்படித்தான். மணிக்கட்டு ஆறுவதற்குள் இறங்கினேன், அதன் பாரத்தையும் முழங்கை சுமந்தது.

மறுபடி அந்தச் சோபாவை நினைத்தால் பயமாக இருக்கிறது அண்ணி. அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

வாலு

மே 6

என் கண்ணே,

சொல்லவில்லை. ஊரார் வீட்டு ரகசியம் ஒன்றுகூடத் தங்காத வயிற்றில் இதை வைத்திருக்கிறேன். வயிறு உப்பிப் போயிருக்கிறது. உன் அண்ணனிடம் வாயு என்று சாதிக்கிறேன்.

ஊசி போடும்போது நர்ஸைக் கட்டிப்பிடித்து அழுகிறவள் நான். ஒற்றைத் தோளோடு இத்தனை மாதம் நின்றாயே, உன் தைரியத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அதில் கொஞ்சம் மிச்சம் வைத்து கோச்சிடம் வாயைத் திற.

பின்னல் போட வருகிறேன். ஆனால் கோச் எதிரில் வைத்துத்தான் போடுவேன். "ஏன், அவளே போட்டுக்க மாட்டாளா?" என்று அவர் கேட்டால் பதில் நீதான் சொல்ல வேண்டும். நான் ஹேர்பின்னை வாயில் கவ்விக்கொண்டு நிற்பேன்.

அண்ணி

மே 15

அண்ணி,

நீங்கள் வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன். கோச் திட்டவில்லை, அதில்தான் அழுகை வந்தது. என் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. சோபாவில் இடம் போட்டு வையுங்கள்.

வாலு

மார்ச் 9

அண்ணி,

ஒன்பது மாதம் சோபாவைத் தேய்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை இரண்டு கையையும் தூக்கி நானே பின்னினேன். படு கோணல். படம் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் போட்டி, இரண்டு சீட்டும் இருக்கிறது. அண்ணனைக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 16

வாலு,

இத்தனை கோணலாக ஒரு பின்னலை என் தொழிலில் பார்த்ததில்லை. படத்தைப் பார்லர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். "இது யார் போட்டது?" என்று கேட்கிறவர்களிடமெல்லாம், "நான் இல்லைம்மா, அவளே போட்டுக்கிட்டா!" என்கிறேன்.

கேட்காதவர்களிடமும்தான்.

வேலை போன அண்ணி